பார் பெர்மிட் வேறு, பார்டெண்டர் சான்றிதழ் வேறு: கொழும்பில் இந்தத் தொழிலுக்குள் நுழைவது எப்படி?

2024ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டியவர்களுக்கு 'பார் பெர்மிட்' என்ற சொல் மனப்பாடமாகியிருக்கும். அரசியல் சலுகையாக மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்டனவா, யார் சிபாரிசு செய்தார்கள், யார் மறுத்தார்கள் என்று தேர்தல் மேடைகள் வரைக்கும் பேச்சு போனது. டிசம்பரில், வழங்கப்பட்ட அனுமதிகளின் பட்டியல் நாடாளுமன்றத்திலும் முன்வைக்கப்பட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு குழப்பமும் வளர்ந்தது. ஹோட்டல் துறையில் சேர நினைக்கும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கிறார்கள்: "பாரில் வேலை செய்யவும் லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? அதற்கு எவ்வளவு காசு? எந்த மந்திரியைப் பிடிக்க வேண்டும்?"

இந்தக் கேள்வியை வைத்தே காசு பார்க்கும் விளம்பரங்களும் உண்டு. 'சர்வதேச லைசென்ஸுடன் பார்டெண்டர் கோர்ஸ்' என்று சமூக வலைத்தளங்களில் ஓடுகிற சுவரொட்டிகள் அந்த வகை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இடத்துக்கு உரியது. கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற ஆளுக்கு உரியதல்ல. ஆளுக்கு உரியவை சான்றிதழும் கைப்பழக்கமும். வெளிநாடு போகிறவருக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது: சில நாடுகளில் ஆளுக்கே ஒரு அனுமதி தேவை. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் மக்கள் தேவையில்லாத இடத்தில் காசைக் கட்டிவிட்டு, தேவையான இடத்தில் கோட்டை விடுகிறார்கள்.

அனுமதிப்பத்திரம் என்றால் எது?

இலங்கையில் மதுபானம் தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுசெல்வது, விற்பது எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். பிரிட்டிஷார் காலத்துச் சட்டம். திருத்தங்களோடும் காலத்துக்குக் காலம் வெளியாகும் வர்த்தமானி அறிவித்தல்களோடும் இன்றுவரை ஓடுகிறது. இதை நடைமுறைப்படுத்துவது மதுவரித் திணைக்களம்.

விற்பனை அனுமதிகளில் பல வகை உண்டு. நாம் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று சொல்கிற, போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே போகிற கடைக்கு ஒரு வகை. அதுதான் செய்திகளில் அடிபட்ட எஃப்.எல். 4. தங்கும் வசதியுள்ள ஹோட்டலுக்கு ஒன்று, உணவகத்துக்கு ஒன்று என்று வேறு இலக்கங்கள் உண்டு. கள்ளுத் தவறணை முற்றிலும் வேறு கணக்கு. பார்டெண்டர் என்று நாம் பேசுகிற ஆளுக்கு வேலை இருப்பது பெரும்பாலும் ஹோட்டல், உணவக வகைகளில்தான். வைன் ஸ்டோர்ஸில் கம்பிக்குப் பின்னால் நின்று போத்தலை எடுத்துக் கொடுப்பதற்குப் பானம் குலுக்கும் ஷேக்கர் தேவையில்லை.

வேலைக்குப் போகிறவருக்கு இதனால் என்ன? மூன்று விளைவுகள்:

1. அனுமதிப்பத்திரம் வருடாந்தம் புதுப்பிக்கப்படுவது. டிசம்பர் 31உடன் ஒரு வருடக் கணக்கு முடியும். வரி நிலுவையால் புதுப்பிக்க முடியாத இடங்கள் ஜனவரியில் பாரை மூடிவைக்க நேரிடும். அப்போது பார்டெண்டர் வீட்டில் இருப்பார். நேர்முகத் தேர்வில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் சுவரில் மாட்டியிருக்கும் பத்திரத்தில் எந்த வருடம் என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

2. அனுமதி குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும். ஹோட்டலில் வேலை செய்கிறோம் என்பதற்காக வார இறுதியில் வேறொரு மண்டபத்தில் தற்காலிக கவுண்டர் போட்டுக் காசுக்கு விற்க முடியாது. கல்யாண வீட்டுக்காரர் தம் விருந்தினருக்குத் தாமே வாங்கி வைத்ததை ஊற்றிக் கொடுப்பது ஒன்று. அனுமதி இல்லாத இடத்தில் விற்பது இன்னொன்று. விற்பனை நடந்து சோதனை வந்தால் கவுண்டரில் அகப்படுவது முதலாளி அல்ல, ஊற்றியவர்.

3. உங்கள் பெயரில் அனுமதிப்பத்திரம் இல்லை என்பதால் அதைப் 'பெற்றுத்தருகிறேன்' என்று எவரும் காசு கேட்க முடியாது. இல்லாத ஒன்றுக்குக் கட்டணம் கிடையாது.

கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் தலையில் இருக்க வேண்டிய சட்டம்

அனுமதி இடத்துக்கு உரியது என்றாலும், சட்டத்தை மீறுவது பெரும்பாலும் பார்டெண்டரின் கையால்தான் நடக்கும். எனவே சில விதிகள் பழக்கமாக ஊற வேண்டும்.

முதலாவது வயது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், அதாவது புகையிலை மற்றும் மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பதைத் தடைசெய்கிறது. 18 அல்ல, 21. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து 18 என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் வாடிக்கையாளரில் மட்டும் அல்ல, ஊழியரிலும் இருக்கிறார்கள்.

அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பது ஒரு கலை. பிறந்த திகதி எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். மங்கலான வெளிச்சத்தில், அழிந்துபோன அட்டையில், மூன்று பேர் ஒன்றாக ஓர்டர் கொடுக்கும்போது, இலக்கத்தை வாசிப்பதுதான் வேகமானது. நமது தேசிய அடையாள அட்டை இலக்கமே ஒரு சிறு கணக்கு:

1. புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. பழைய எண்ணில் (ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும்) முதல் இரண்டும் ஆண்டு.
2. அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும்.
3. நாள் எண்ணும்போது எல்லா ஆண்டையும் 366 நாள் ஆண்டாகவே எடுப்பார்கள். அதாவது பெப்ரவரி 29க்கும் ஓர் இடம் உண்டு.

ஓர் உதாரணம். எண் 2005362 என்று தொடங்குகிறது. ஆண்டு 2005. 362ஆவது நாள், டிசம்பர் 31ஐ 366 என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினால், டிசம்பர் 27. இவருக்கு 21 வயது பூர்த்தியாவது 2026 டிசம்பர் 27இல். '2026இல் 2005ஐக் கழித்தால் 21 வருகிறதே' என்று ஆண்டை மட்டும் கழித்துப் பார்க்கிற பார்டெண்டர், 2026இல் ஏறக்குறைய ஒரு வருடம் முழுக்க இவருக்குத் தப்பாக ஊற்றிக்கொண்டிருப்பார். 2005862 என்று இருந்தால் அதே நாளில் பிறந்த பெண். இந்தக் கணக்கைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்களோ இல்லையோ, தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

இரண்டாவது, நாட்கள். போயா தினங்களில் மதுபான விற்பனை மூடப்படும். வருடத்தில் 12, சில வருடங்களில் 13. அதோடு சித்திரைப் புத்தாண்டு, நத்தார், சுதந்திர தினம், ஒக்டோபர் 3ஆம் திகதி வரும் மது ஒழிப்பு தினம் என்று மதுவரித் திணைக்களம் அறிவிக்கிற நாட்களும் உண்டு. பார்டெண்டருக்குப் போயா என்றால் விடுமுறை என்று யாரும் நினைக்கவேண்டாம். பெரும்பாலான ஹோட்டல்களில் அன்றைக்குத்தான் அலமாரிப் போத்தல்களை எல்லாம் இறக்கி, துடைத்து, அளந்து, ஸ்டொக் எடுப்பார்கள்.

மூன்றாவது, போத்தல். மூடியில் ஒட்டியிருக்கும் மதுவரிப் பாதுகாப்பு ஸ்டிக்கரைப் பார்த்துப் பொருளை ஏற்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத, கிழிந்த போத்தலைக் களஞ்சியத்துக்குத் திருப்ப வேண்டும். காலிப் போத்தலில் வேறு சரக்கை ஊற்றி நிரப்புவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. "மிச்சம் இருந்ததை ஒன்றாக்கினேன், வேறொன்றுமில்லை" என்பது சோதனைக்கு வந்தவரிடம் எடுபடாது.

நான்காவது, விளம்பரம். அதே 2006 சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடைசெய்கிறது. நீங்கள் கலந்த கொக்டெயிலைப் படம் பிடித்து, போத்தலின் லேபிள் தெரியத் தெரிய, ஹோட்டலின் பக்கத்தில் போடுவதற்கு முன் முகாமையாளரைக் கேட்பது பாதுகாப்பு.

பெண்கள் பாரில் வேலை செய்யலாமா?

இந்தக் கேள்விக்குத் தனிச் சரித்திரம் இருக்கிறது. 1979இல் வெளியான மதுவரி அறிவித்தல் ஒன்று, தவறணை வளாகத்துக்குள் பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. மதுபானம் தயாரிக்கும், விற்கும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைப்பதற்கு மதுவரி ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும் என்றது. கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் பெண்கள் கவுண்டரில் நின்றதையும், சட்டம் இப்படிச் சொன்னதையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

2018 ஜனவரி 10இல் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர இந்தக் கட்டுப்பாட்டை நீக்கி வர்த்தமானி வெளியிட்டார். நான்கே நாளில், ஜனவரி 14இல், அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னதாக மேடையில் அறிவித்தார். அப்படியே திரும்பப் பெறப்பட்டது. அதை எதிர்த்து அடிப்படை உரிமை மனுக்கள் உயர் நீதிமன்றம் போயின. சுமார் நாற்பது வருடம் எவரும் கவனிக்காமல் கிடந்த விதி அந்த ஒரு வாரத்தில்தான் எல்லோருக்கும் தெரியவந்தது.

வேலை தேடும் பெண்ணுக்கு இதில் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. இந்த விஷயம் நாடாளுமன்றச் சட்டத்தால் அல்ல, வர்த்தமானி அறிவித்தலால் ஆளப்படுவது. அமைச்சர் கையெழுத்திட்டால் மாறும், இன்னொரு கையெழுத்தில் மீண்டும் மாறும். எனவே 2018இல் படித்த செய்தியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நடப்பில் உள்ள அறிவித்தலை மதுவரித் திணைக்களத்திலேயே கேட்டு, நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் புறம்பாக, 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பெண்களின் இரவு வேலைக்கு வரம்பு வைக்கிறது. பாரில் கூட்டம் கூடுவதே இரவில்தான். ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது, வீட்டுக்கு வாகனம் உண்டா என்பதை நியமனக் கடிதத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

சான்றிதழ்: எது எதற்கு?

சரி, அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அப்படியானால் படிக்காமலே போகலாமா? சட்டப்படி தடையில்லை. பல பழைய கைகள் கோப்பை கழுவித்தான் தொடங்கினார்கள். ஆனால் இன்று நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் ஆளணிப் பிரிவு விண்ணப்பங்களைப் பிரிக்கும்போது முதலில் பார்ப்பது சான்றிதழைத்தான். கொழும்பில் வழிகள் பின்வருமாறு.

அரசு வழியில் முதலில் நிற்பது இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம். காலி வீதியில், கொழும்பு 3இல் இருக்கிறது. 1964இல் 'சிலோன் ஹோட்டல் ஸ்கூல்' என்று ஆரம்பமானது. பழைய ஆட்கள் இன்றும் 'ஹோட்டல் ஸ்கூல்' என்றுதான் சொல்வார்கள். உணவு, பானம் பரிமாறல் என்ற பிரிவுக்குள்தான் பார் வேலை வரும். அதாவது நீங்கள் கொக்டெயில் மட்டும் படிக்கப் போவதில்லை. மேசை விரிப்பு, தட்டு தூக்குவது, வைன் திறப்பது, பில் போடுவது எல்லாம் சேர்ந்தே வரும். இது வீண் சுற்று என்று நினைப்பவர்கள் உண்டு. என் கணிப்பு நேர்மாறானது: தட்டு தூக்கத் தெரிந்த பார்டெண்டருக்குத்தான் மழைக்காலத்தில், சீசன் இல்லாத மாதங்களில், வேலை நிற்கும்.

அடுத்தது தேசிய தொழிற்தகைமை, பேச்சில் என்.வி.கியூ. மட்டம் 1 முதல் 7 வரை. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். தொழிற்பயிற்சி அதிகாரசபை, பயிலுநர் பயிற்சியை நடத்தும் தேசிய அதிகாரசபை போன்ற அரச அமைப்புகளிலும், தகுதி பெற்ற தனியார் நிறுவனங்களிலும் படிக்கலாம். இந்த முறையில் பலர் கவனிக்காத ஒரு வாசல் இருக்கிறது: முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் மதிப்பீடு. ஐந்து வருடம் பாரில் நின்றவர் வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி, வேலை ஆதாரங்களைக் கொடுத்துச் சான்றிதழ் பெறலாம். ஹட்டன் பக்கமிருந்து பதினெட்டு வயதில் வந்து, கொழும்பில் உழைத்து, கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள கதவு வேறில்லை.

மூன்றாவது, தனியார் வகுப்புகள். நல்லவையும் உண்டு, ஆறு நாள் போத்தல் சுழற்றிவிட்டுத் தங்க எழுத்தில் சான்றிதழ் கொடுப்பவையும் உண்டு. வித்தியாசம் பிடிக்க ஒரு சொல்லைத் தெரிந்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு என்ற அமைப்பு இருக்கிறது. அதில் ஒரு நிறுவனம் *பதிவு* செய்யப்பட்டிருப்பது ஒன்று. அதன் ஒரு பாடநெறி *தர அங்கீகாரம்* பெற்றிருப்பது வேறொன்று. பதிவு என்றால் கதவைத் திறந்து வகுப்பு நடத்தலாம் என்பது. தர அங்கீகாரம் பெற்ற பாடநெறிதான் என்.வி.கியூ. வரைக்கும் கொண்டுபோகும். 'அரச பதிவு பெற்றது' என்று பெரிதாகப் போட்டிருக்கிற சுவரொட்டி பொய் சொல்வதில்லை, பாதியைத்தான் சொல்கிறது.

காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை:

1. இந்தப் பாடநெறிக்கே தர அங்கீகாரம் உண்டா, எந்த மட்டம்?
2. ஹோட்டல் பயிற்சிக் காலம் எத்தனை மாதம், எந்த ஹோட்டலில், கொடுப்பனவு உண்டா?
3. செய்முறை வகுப்பில் உண்மையான மதுபானமா, வண்ணத் தண்ணீரா? வண்ணத் தண்ணீரில் கை பழகும், நாக்கு பழகாது. மத காரணங்களால் சுவைக்க விரும்பாதவர்கள் அதை முதலிலேயே சொல்லி, மணத்தை வைத்துப் பழகும் வழியைக் கேட்கலாம்.
4. வகுப்பு எந்த மொழியில்? விளக்கம் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தாலும் மெனு, ரெசிப்பி, பில் எல்லாம் ஆங்கிலம். சமையலறைக்கும் களஞ்சியத்துக்கும் சிங்களம் வேண்டும். மூன்றையும் கலந்து பேசுகிற கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு இது பிறவிச் சொத்து.

மதுபானங்களை ஆழமாகப் படிக்க விரும்புவோருக்கு லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட டபிள்யூ.எஸ்.ஈ.டி. என்ற கல்வி அமைப்பின் மட்டங்கள் உண்டு, 1969இல் தொடங்கியது. அது அறிவுக்கான சான்றிதழ். அதையும் அனுமதிப்பத்திரம் என்று விற்பவர்கள் உண்டு.

பயிற்சியில் உண்மையில் கற்பது என்ன?

விளம்பரப் படங்களில் போத்தல் வானத்தில் பறக்கும். முதல் மாதத்தில் நீங்கள் செய்யப்போவது ஐஸ் சுமப்பது, கோப்பை துடைப்பது, தேசிக்காய் வெட்டுவது. இதில் அவமானம் எதுவும் இல்லை, ஏனென்றால் தொழிலின் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஐஸை எடுப்போம். கொழும்பின் வெக்கையில் வாளியில் வைத்த ஐஸ் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். ஈர ஐஸின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர் அப்படியே பானத்துக்குள் போகும். ஷேக்கரில் குலுக்கும்போது நல்ல ஐஸே உருகி, கலவையின் கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் சேர்க்கும். அது வேண்டிய தண்ணீர், அதுதான் காரத்தைத் தணிக்கிறது. ஈர ஐஸ் போட்டால் அளவு தவறி, வாடிக்கையாளர் "தண்ணி மாதிரி இருக்கே" என்பார். சரக்கைக் குறைத்துவிட்டீர்கள் என்று அவர் நினைப்பார். நீங்கள் குறைத்திருக்கவே மாட்டீர்கள்.

எதைக் குலுக்குவது, எதைக் கலக்குவது என்பது அடுத்த பாடம். தேசிக்காய்ச் சாறு, முட்டை வெள்ளை, பால் போன்றவை சேர்ந்தால் குலுக்க வேண்டும். வெறும் மதுபானங்கள் மட்டும் சேர்ந்தால் கரண்டியால் கலக்கினால் போதும், தெளிவாக இருக்கும். 1951இல் இங்கிலாந்தின் டோர்கீ நகரில் தொடங்கிய சர்வதேச பார்டெண்டர் சங்கம் வைத்திருக்கும் கொக்டெயில் பட்டியலைத்தான் பெரும்பாலான தேர்வுகள் கேட்கும். அதில் நெக்ரோனி ஞாபகம் வைக்க எளிது: ஜின், கம்பாரி, இனிப்பு வெர்மூத், மூன்றும் 30 மில்லிலீட்டர். கலக்குவது. டைக்கிரி: வெள்ளை ரம், தேசிக்காய், சீனி. குலுக்குவது. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் இவற்றின் உறவுக்காரர்தான்.

இந்தப் பட்டியலோடு நிற்கிற வகுப்பு கொழும்புக்குப் போதாது. தென்னஞ்சாராயம் நம் ஊர்ச் சரக்கு. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் கள்ளைப் புளிக்கவைத்து வடிப்பது. வெளிநாட்டு விருந்தாளி காலி முகத்திடல் ஹோட்டலின் வராந்தாவில் உட்கார்ந்து கேட்பது ஸ்கொச் அல்ல, 'உங்கள் ஊரில் என்ன இருக்கிறது' என்பதுதான். 1864இலிருந்து அங்கே இருக்கிற ஹோட்டல் அது. கேள்வியும் அவ்வளவு பழையதாக இருக்கலாம். சாராயத்தை ஜிஞ்சர் பியரோடும் தேசிக்காயோடும் சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். கித்துள் பாணி, கறுவா, செவ்விளநீர், விளாம்பழம் இவற்றை எந்த அளவில் வைத்தால் சாராயத்தின் மணம் அமுங்காமல் நிற்கும் என்பதுதான் கற்க வேண்டியது. பனஞ்சாராயத்தின் மணம் இன்னும் தடிப்பு. அதற்கு இனிப்பைக் கூட்டுவதைவிடப் புளிப்பைக் கூட்டுவது எடுபடும்.

அப்புறம் அளவு. 750 மில்லிலீட்டர் போத்தலில் 25 மில்லிலீட்டராக ஊற்றினால் 30 ஷொட். கை தாராளமாகி 30 மில்லிலீட்டர் போனால் 25தான் வரும். ஒரு போத்தலில் ஐந்து ஷொட் காணாமல் போகிறது. நான்கு போத்தல் போகிற இரவில் 20. காலையில் கணக்கு இப்படி வரும்: நேற்று இருந்தது, களஞ்சியத்தில் எடுத்தது இரண்டையும் கூட்டி, இப்போது மிஞ்சியதைக் கழித்தால், பி.ஓ.டி. எனப்படும் பார் ஓர்டர் சீட்டுகளில் உள்ள விற்பனையோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் 'திருடினாயா' என்ற பேச்சு வரும். ஜிகர் என்கிற அளவுக் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் பிடிப்பது உங்கள் நற்பெயருக்கான காவல்.

வெறிக்கும் அளவுதான் கணக்கு. சாதாரண சாராயம் 33.5 சதவீதம். 50 மில்லிலீட்டரில் சுமார் 13 கிராம் மதுசாரம். 4.8 சதவீத லாகர் பியர் பெரிய போத்தல், 625 மில்லிலீட்டர்: சுமார் 24 கிராம். அதே அளவு 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர்: சுமார் 43 கிராம். அதாவது "பியர்தானே" என்று இரண்டு ஸ்ட்ரோங் போத்தல் முடித்தவர், 50 மில்லிலீட்டர் சாராயம் ஆறு, ஏழு குடித்தவருக்குச் சமம். உடல் ஒரு மணி நேரத்தில் அகற்றுவது சுமார் 7 முதல் 10 கிராம் வரை. தேநீரோ குளிப்போ அதை வேகப்படுத்தாது. இந்தக் கணக்கு மனதில் ஓடுகிறவருக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

நிறுத்துவது எப்படி என்பது வேறு. "உங்களுக்குப் போதும்" என்று சொன்னால் சண்டை. "அண்ணே, பைட்ஸ் ஏதாவது எடுத்துட்டு அப்புறம் பாப்போமா?" என்று தண்ணீர்க் கோப்பையை முன்னால் வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அவருடைய நண்பரைத் தனியாகக் கூப்பிட்டு வாகனச் சாவி பற்றிப் பேசுவது இரண்டாம் படி. முகாமையாளரை அழைப்பது மூன்றாம் படி. அதைத் தோல்வியாக நினைக்கிற புதியவர்தான் அடி வாங்குவார்.

சம்பளம் எப்படி வருகிறது?

படிவரிசை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: பயிலுநர், பார் உதவியாளர், பார்டெண்டர், தலைமை பார்டெண்டர், பார் முகாமையாளர். சிறிய இடங்களில் நடுப்படிகள் இருக்காது.

நியமனக் கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, மகிழவும் கூடாது. தேசிய ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. பல ஹோட்டல்களில் அடிப்படை அதைச் சுற்றியே தொடங்கும். வித்தியாசம் வருவது சேவைக் கட்டணத்தில். பில்லில் சேரும் 10 சதவீதம் மாத முடிவில் ஊழியருக்குப் பங்கிடப்படும். சீசனில் அது அடிப்படையைத் தாண்டலாம். வெறிச்சோடிய மாதத்தில் பேருந்துக் காசுக்கு வரும். எனவே கேட்க வேண்டியது 'சம்பளம் எவ்வளவு' அல்ல, 'போன வருடம் மே மாதத்தில் சேவைக் கட்டணம் எவ்வளவு வந்தது' என்று. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12, ஊழியர் 8 சதவீதம் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம். பயிலுநர் என்று பெயர் வைத்து இரண்டு வருடம் இதைக் கட்டாமல் இழுக்கிற இடத்தில் நீடிக்க வேண்டியதில்லை.

கொழும்பில் கேள்வி கூடியிருக்கிறது. ஷங்ரி-லா 2017இல் வந்தது, சினமன் லைஃப் 2024 ஒக்டோபரில், அதோடு சேர்ந்த சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் 2025 ஓகஸ்ட்டில். பழகிய கைகள் வளைகுடாவுக்கும் மாலைதீவுக்கும் போய்க்கொண்டிருப்பதால் இங்கே இடம் காலியாகிறது.

வெளிநாடு: இங்கேதான் ஆளுக்கு அனுமதி வருகிறது

1. அவுஸ்திரேலியா. மதுவைப் பொறுப்புடன் பரிமாறும் பயிற்சி, சுருக்கமாக ஆர்.எஸ்.ஏ., பரிமாறுகிற ஒவ்வொருவருக்கும் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சிட்னி உள்ள நியூ சவுத் வேல்ஸில் தனி அட்டை.

2. கனடாவின் ஒன்டாரியோ. டொரொன்டோவில் உள்ள உறவினர் சொல்கிற 'ஸ்மார்ட் சேர்வ்' இதுதான். அனுமதி பெற்ற இடத்தில் பரிமாற அது கட்டாயம். பரிமாறுபவருக்கு 18 வயது, குடிப்பவருக்கு 19.

3. பிரித்தானியா. 2003ஆம் ஆண்டின் அனுமதிச் சட்டத்தின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனிநபர் அனுமதி உண்டு. ஆனால் அது இடத்தின் மேற்பார்வையாளராகப் பெயரிடப்பட்டவருக்கு அவசியம், கவுண்டரில் நிற்கும் எல்லோருக்கும் அல்ல. ஸ்கொட்லாந்தில் ஊழியருக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி கட்டாயம்.

4. அமெரிக்கா. மாநிலத்துக்கு ஒரு சட்டம். கலிபோர்னியாவில் 2022இலிருந்து பரிமாறுபவருக்குச் சான்றிதழ் கட்டாயம்.

5. மாலைதீவு. உள்ளூர் மக்களுக்கு மது தடை; உல்லாச விடுதிகளில் வெளிநாட்டு விருந்தினருக்கு மட்டும் அனுமதி. உள்ளூரவர் மதுவைக் கையாளுவதில்லை என்பதால் பார் வேலை முழுக்க வெளிநாட்டவர் கையில். இலங்கையருக்கு அங்கே இவ்வளவு இடம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

6. குவைத், சவூதி அரேபியா. ஹோட்டல்களில் மது கிடையாது. 'பார்டெண்டர்' என்று விளம்பரம் வந்தால் அது பழச்சாறும், மது சேராத மொக்டெயிலும், கோப்பியும். வேலை மோசமில்லை, ஆனால் அந்த அனுபவத்தை வைத்துப் பின்னர் வேறு நாட்டில் பார் வேலைக்குப் போக முடியும் என்று நினைக்கக் கூடாது.

இந்த அனுமதிகள் எல்லாம் அந்தந்த நாட்டின் அதிகாரத்தின் கீழ் வழங்கப்படுபவை. கொழும்பில் இருக்கும் வகுப்பு ஒன்று தன் பெயரில் அச்சடித்துத் தரும் 'சர்வதேச லைசென்ஸ்' எதற்கும் இவற்றில் இடமில்லை.

அதோடு நம் பக்கத்தில் ஓர் அனுமதிப்பத்திரம் உண்டு, அது முகவருக்கு. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி வைத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டை நீட்டுவதற்கு முன் அந்த இலக்கத்தைக் கேட்டு, பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி எண்ணில் சரிபார்க்கலாம். வேலை ஒப்பந்தத்தில் பதவி 'பார்டெண்டர்' என்றா 'வெயிட்டர்' என்றா எழுதியிருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். விமானம் ஏறியபின் அந்த ஒரு சொல்லை மாற்றுவது மிகக் கடினம்.